ஏட்டய்யாவின் விசில் கயிறு

சென்ற மாதம் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே வியாதி, ஏறக்குறைய அதே வயசு. எனக்கு மறுநாள் ஆபரேஷன், அவருக்கு அன்று காலையில். பச்சை உடுப்பை மாட்டிவிட வந்த நர்ஸ் பெண் அவருடைய கடிகாரம், மோதிரம், பல் செட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மருமகளிடம் கொடுத்தாள். மனிதர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாதுவாகத்தான் இருந்தார். கடைசியில் போர்வையை விலக்கி இடுப்பைப் பார்த்தவள், "அருணாக்கயிறு இருக்கக் கூடாது தாத்தா, அறுத்துடறேன்" என்று ட்ரேயிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். அவ்வளவுதான். சட்டென்று எழுந்து உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கத்திரிக்கோலின் முனை இருவர் முகத்துக்கும் நடுவில் ஆடியது. மருமகள், "மாமா, விடுங்க மாமா" என்று கத்தினாள். நான் என் கட்டிலிலிருந்து, "அம்மாடி, கத்திரிக்கோலக் கீழ போடு. மொதல்ல அதக் கீழ போடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னால், எங்கள் தாலுகா கோர்ட்டின் லாக்கப்பில், கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு நான் கேட்ட பேச்சு அது. சொன்னவர் அந்த லாக்கப்புக்குப் பொறுப்பாக இருந்த ஏட்டு. நாங்கள் அவரை ஏட்டய்யா என்போம். அவருக்குப் பெயர் இருந்திருக்கும். நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்த காலம் அது. மேடைதோறும் புதுத் தமிழ், புதுப் பேச்சு. வயலில் மட்டும் பழைய மரக்கால்தான். எங்கள் தெருவே கூலிக்கு அறுக்கிற தெரு. அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டோம். நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். களத்துமேட்டில் கைகலப்பு, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது, இரண்டு பக்கமும் வழக்கு. அவர்கள் அன்றைக்கே ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்களில் பலர் சப் ஜெயிலுக்குப் போனோம். நான் அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன். பத்தாவது வரை படித்தவன், சங்கத்தில் பேசுகிறவன், வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம் உள்ளவன். வாய்தாவுக்கு வாய்தா எங்களைச் சப் ஜெயிலிலிருந்து நடத்திக் கூட்டிவந்து, கோர்ட்டுக் கட்டடத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லாக்கப்பில் அடைப்பார்கள். கூப்பிடுகிறவரை அங்கே கிடக்க வேண்டும்.

சின்ன அறை. முன்பக்கம் முழுக்கக் கம்பி. கம்பியிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் வெளித்தரையில் ஏட்டய்யா சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அழிய அழியத் தானே குனிந்து போடுவார். எந்தக் கான்ஸ்டபிளும் அந்தக் கோட்டைத் தாண்டி வந்து நிற்கக் கூடாது, பேச்சுச் சுவாரசியத்தில்கூட. கதவைத் திறப்பதற்கு முன் நாங்கள் எல்லோரும் பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவன் மட்டும் வந்து முதுகைக் காட்டி நின்று, கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் பின்னால் நீட்ட வேண்டும். விலங்கு பூட்டின பிறகுதான் கதவு திறக்கும். பூட்டியதும் விலங்குக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் போகாவிட்டால் தளர்த்துவார். "இறுக்குனா ரத்தம் கட்டும். ரத்தம் கட்டுனா ஒனக்குக் கோவம் வரும். ஒனக்குக் கோவம் வந்தா எனக்குல்ல கேடு" என்பார். எங்கள் மேல் இரக்கப்பட்டதாக அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. எல்லாம் தன் பத்திரத்துக்காக என்றே சொல்வார்.

உள்ளே வர வேண்டியிருந்தால் இன்னும் வேடிக்கை. வாசல் நிலையில் ஓர் ஆணி இருந்தது. லத்தி, தொப்பி, பெல்ட், தோளிலிருந்து சட்டைப் பைக்கு வளைந்து தொங்குகிற காக்கி விசில் கயிறு, பேனா என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அங்கே மாட்டிவிட்டு வெறும் சட்டையோடு நுழைவார். "நான் கொண்டுவர்ற எதுவும் ஒங்க கைக்கு வந்துடலாம்ல?" வீட்டிலிருந்து சோற்றுப் பொட்டலம் வந்தால் அதைச் சுற்றிய வாழைநாரை உருவிக்கொண்டுதான் கொடுப்பார். யாரையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "வீட்ல ஏதும் சேதி உண்டா?" பெண்டாட்டிக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எவனாவது சொன்னால் அவனைக் கடைசியாகத்தான் வெளியே எடுப்பார், கூட ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு. மனசு கலங்கினவன்தான் லாக்கப்பில் பெரிய ஆபத்து என்பது அவருடைய கணக்கு.

எனக்கு இதெல்லாம் கேலியாக இருந்தது. ஒருநாள் அவர் காதில் விழும்படியே, "ஏட்டய்யாவுக்கு நம்மளக் கண்டா பயம்ப்பா" என்றேன். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. "ஆமா தம்பி, பயந்தான். பயமில்லாத போலீஸ்காரன் ஒண்ணு அடிப்பான், இல்ல அடி வாங்குவான். எனக்கு ரெண்டும் வேணாம். சாயங்காலம் வீட்டுக்குப் போவணும்" என்றார். கரகரத்த குரல் அவருக்கு. உரக்கப் பேச முயன்றால் காற்றுதான் வரும். முன்பு வேறோர் ஊரில் லாக்கப்புக்குள் சோறு வைக்கக் குனிந்தபோது, ஒருவன் தன் அரைஞாண் கயிற்றை உருவி அவர் கழுத்தில் போட்டு இறுக்கிவிட்டானாம். குரல் அன்றைக்குப் போனது. அவருக்குக் கீழே இருந்த இளம் கான்ஸ்டபிள் இதை எங்களிடம் சொன்னார். அதன் பிறகு ஏட்டய்யாவின் கழுத்துப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

கயிறு விஷயத்தில் அவர் ஒரு வழி வைத்திருந்தார். அரைஞாண் என்பது எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குப் பிறந்த சில நாளில் இடுப்பில் ஏறுவது. நைந்துபோனால் புதியதைக் கட்டிக்கொண்டு பிறகுதான் பழையதை எடுப்பார்கள். ஒரு நொடிகூட இடுப்பு சும்மா இருக்காது. கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு தடவை, உயிர் போன பிறகு. அறுக்கிறவன் பெற்ற பிள்ளையாகவோ பங்காளியாகவோ இருப்பான். ஆனால் லாக்கப்பில் கைதியிடம் கயிறு இருக்கக் கூடாது. தன் கழுத்தில் போட்டுக்கொள்வான், அல்லது காவலாளி கழுத்தில் போடுவான். சப் ஜெயிலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டு லாக்கப்பில் ஏட்டய்யா கண்டிப்பு. ஜாமீன் இல்லை, தண்டனை என்று காதில் விழுந்து மனிதனுக்கு மூளை கலங்குகிற இடம் அதுதானே.

அதற்காகக் கூத்தாநல்லூரில் ஒரு தையல்கடையில் வாங்கிய வெள்ளை நூல்கண்டு ஒன்றை எப்போதும் கால்சட்டைப் பையில் வைத்திருப்பார். கைதிக்குக் கை பின்னால் பூட்டியிருக்கும், இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். ஏட்டய்யா அவன் இடுப்பைச் சுற்றி நூலைக் கட்டி முடிச்சுப் போடுவார். ஓர் இழுப்பில் அறுந்துபோகிற நூல், யார் கழுத்தையும் நெரிக்காது. அது ஏறிய பிறகுதான் பழைய கயிற்றை அவிழ்ப்பார். சாயங்காலம் கிளம்பும்போது பழையதைக் கட்டிவிட்டு நூலை எடுத்துக்கொள்வார். ஒருவன் இடுப்பில் கயிறு கட்ட வேண்டுமென்றால் இரண்டு கையாலும் அவனைச் சுற்றி வளைத்தாக வேண்டும். எங்கள் தெருக்காரர்களை அடிப்பதற்கு அல்லாமல் அவ்வளவு நெருங்கித் தொட்ட காக்கிச் சட்டையை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை.

என் இடுப்பில் கயிறு கிடையாது. சங்கத்தில் சேர்ந்த வேகத்தில், இதெல்லாம் மூடப்பழக்கம் என்று அறுத்து எறிந்திருந்தேன். முதல் சோதனையில் தடவிப் பார்த்த ஏட்டய்யா, "என்ன தம்பி, ஒனக்கு இல்லையா?" என்றார். "நம்பிக்கை இல்லீங்க" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "ரொம்ப நல்லது. எனக்கு நூல் மிச்சம்" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் ஒரு பிரசங்கத்துக்குத் தயாராகியிருந்தேன், வீணாகிவிட்டது.

எங்களோடு பெரியப்பாவும் இருந்தார். எனக்கு மட்டுமல்ல, தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. அறுப்பில் அவரோடு நிரை போட்டு நிற்க எந்த வாலிபனாலும் முடியாது. ஈரக் கதிர்க்கட்டைத் தனியாகத் தலைக்குத் தூக்குவார். கைகலப்பின்போது நடுவில் புகுந்து விலக்கிவிடத்தான் வந்தார். விலக்கவந்தவரும் வழக்கின் எதிரிப் பட்டியலில் ஏறிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். ஏட்டய்யா அவரைப் "பெரியவரே" என்று கூப்பிடுவார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, யாரைச் சொல்கிறார் என்று பெரியப்பா திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

அந்தத் தை மாதத்தில் ஒரு புது எஸ்.ஐ. வந்தார். இளைஞர், விவசாயக் குடும்பம், நிறையப் படித்தவர். எங்களை "நீங்க" என்று பேசினார். நிலக்காரர் தரப்பு ஆட்கள் வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைக்கும் பழக்கத்தை வந்த வாரத்திலேயே நிறுத்தினார். எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்கு ரொம்பவே பிடித்தது. அவர் பேசினால் என் பேச்சைப் போலவே இருக்கும். ஒரு வாய்தா நாள் காலையில், ஏட்டய்யா நூல்கண்டை எடுத்து ஒருவன் இடுப்பில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்ன ஏட்டு, பூசாரி வேலையும் பாக்கறீங்களா?" என்றார். ஏட்டய்யா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். "கயித்த எடுக்கணும்னு ரூல் இருக்கு. எடுங்க. அதுக்கு எதுக்கு ஒரு சடங்கு? இந்தக் காலத்துலயும் இதெல்லாம் நாமளே வளக்கறதா?" என்று நூல்கண்டை வாங்கி மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டார். அந்தப் பக்கம் வாய்க்கால். ஏட்டய்யா, "சரிங்க சார்" என்றார். முதல் வழக்குக்கான ஆட்களோடு அவரைக் கோர்ட்டுக்குள் அனுப்பிவிட்டார் எஸ்.ஐ.

அடுத்து நின்றவர் பெரியப்பா. இளம் கான்ஸ்டபிள் தயங்கினார். "ம், எடுங்க" என்றார் எஸ்.ஐ. முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. கான்ஸ்டபிள் பேனாக்கத்தியால் அறுத்தார். கறுப்புக் கயிறு வேட்டி மேல் சரிந்து தரையில் விழுந்தது. பெரியப்பா அதைக் குனிந்து பார்த்தார். "எம் மவன் அறுக்க வேண்டிய கயிறு" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "அப்ப நான் போயிட்டேன்" என்றார். விலங்கைக் கழற்றி உள்ளே விட்டார்கள். நேரே போய்த் தரையில் தெற்கே தலை வைத்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டார், பிணத்தைக் கிடத்துகிற மாதிரி. "பெரியப்பா, எழுந்திரிங்க" என்று நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்துதான் இருந்தது. கயிற்றில் ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் பேசினவன் நான். அந்த இடத்தில் "பெரியப்பா, பெரியப்பா" என்று கூப்பிட மட்டும்தான் முடிந்தது.

வெளியே நின்ற கான்ஸ்டபிளுக்கும் மனசு கேட்கவில்லை. அறுத்தது அவர் கை அல்லவா. அலுமினிய டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்து கம்பியோரம் குந்தினார். "பெரியவரே, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று கம்பிக்குள் கையை நீட்டினார். பெரியப்பா எழுந்ததை நான் பார்க்கவே இல்லை. டம்ளர் உருண்ட சத்தம்தான் கேட்டது. நீட்டிய கையைப் பிடித்து இழுத்து, கம்பி வழியாக இன்னொரு கையை வெளியே விட்டுக் கான்ஸ்டபிளின் கழுத்தை வளைத்துவிட்டார். பையனின் கன்னம் கம்பியில் அழுந்திப் பிதுங்கியது. நாங்கள் உள்ளேயிருந்து அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தோம். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. கதிர்க்கட்டு தூக்கின கை அது.

எஸ்.ஐ. லத்தியோடு ஓடிவந்தார். "விடுய்யா, இல்லன்னா கைய ஒடச்சிடுவேன்" என்று கத்தினார். பெரியப்பா நிதானமாகச் சொன்னார்: "செத்தவன நீ என்ன செய்யப் போற?" எஸ்.ஐ.யின் லத்தி ஓங்கினபடி நின்றது. அடி விழுந்தால் பிடி விடுமா, இன்னும் இறுகுமா என்று அவருக்கும் தெரியவில்லை. கான்ஸ்டபிளின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பையன் செத்தால் பெரியப்பாவுக்குத் தூக்கு. எங்களுக்கு எத்தனை வருஷமோ. அந்த நிமிஷத்தில் நான் வேண்டியதெல்லாம் அந்தக் கோழை ஏட்டு திரும்பி வர வேண்டும் என்பதைத்தான்.

வந்தார். ஓடிவந்தவர் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்தார். தரையில் கிடந்த கறுப்புக் கயிற்றையும் பார்த்தார். "சார், லத்தியக் கீழ போடுங்க. மொதல்ல அதக் கீழ போடுங்க" என்றார், அந்தக் கரகரத்த குரலில். எஸ்.ஐ. போட்டுவிட்டார். ஏட்டய்யாவின் கை தன்னையறியாமல் கால்சட்டைப் பைக்குள் போய் வெறுமையாக வெளியே வந்தது. பிறகு தோளுக்குப் போனது. விசில் கயிற்றைக் கழற்றி, விசிலை மட்டும் பிரித்து ஆணியில் மாட்டினார். தொப்பியையும் பெல்ட்டையும் மாட்டினார். எங்களைப் பார்த்து, "எல்லாரும் பின்சுவத்துக்குப் போங்க" என்றார். கதவைத் திறந்து உள்ளே வந்து, "பூட்டிடுங்க சார்" என்றார். எஸ்.ஐ. பூட்டும்போது சாவி பூட்டில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது.

அவர் கையில் இருந்தது நூல் அல்ல, முறுக்கேறிய சர்க்கார் கயிறு. எதிரில் நின்ற ஆளின் கையில் விலங்கு இல்லை. பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லை. இத்தனை காலம் எங்களிடம் அவர் காத்துவந்த விதிகளை அன்று தானே வரிசையாக மீறினார். பெரியப்பா பார்க்கும்படி பக்கவாட்டில் போய் நின்று, "பெரியவரே, கயிறு கொண்டாந்திருக்கேன். அந்தப் புள்ளய விடுங்கன்னு நான் சொல்லல. மொதல்ல இதக் கட்டிக்குவோம்" என்றார். பெரியப்பா அசையவில்லை. ஏட்டய்யா நெருங்கி, இரண்டு கையாலும் அவர் இடுப்பைச் சுற்றி வளைத்தார். தலை பெரியப்பாவின் மார்பில் ஒட்டியது. பெரியப்பாவின் மறுகை, கான்ஸ்டபிளின் கையை விட்டுவிட்டு, மெதுவாக உயர்ந்து ஏட்டய்யாவின் பிடரியில் இறங்கியது. ஏற்கெனவே ஒருவன் நெரித்துப்போட்ட கழுத்து அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். மூட முடியவில்லை.

ஏட்டய்யா தலையைத் தூக்கவில்லை. கயிற்றின் இரண்டு முனையையும் சேர்த்துக்கொண்டு, வீட்டில் யாருக்கோ கட்டிவிடுகிறவர் மாதிரிக் கேட்டார்: "முடிச்சு எந்தப் பக்கம் போடட்டும்?"

கான்ஸ்டபிளின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மட்டும் கேட்டது.

"வலப்பக்கம்" என்றார் பெரியப்பா.

"வலப்பக்கமே போடறேன்" என்றார் ஏட்டய்யா. முடிச்சு விழுந்தது. அதை அவர் இறுக்கிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பாவின் கை கம்பியில் வழுக்கித் தளர்ந்தது. கான்ஸ்டபிள் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்து இருமினார். பெரியப்பா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதார். அந்த மனிதர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அந்தக் கான்ஸ்டபிள் தங்கமான பிள்ளை. கால் தடுக்கிக் கம்பியில் மோதிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டார். எஸ்.ஐ.யும் அதையே எழுதினார், அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன். ஆனால் சாயங்காலம் ஏட்டய்யா விசில் கயிறு இல்லாமல் நின்றதை மேலதிகாரி ஒருவர் பார்த்துவிட்டார். விசாரணை வந்தது. லாக்கப்பில் கைதியிடம் கயிற்றைக் கொடுத்தது குற்றமா இல்லையா? விதிப்படி குற்றம்தான், அதைவிட வலுவான கயிறு வேறெது? ஏட்டய்யா மறுத்துப் பேசவில்லையாம். அடுத்த வாய்தாவுக்குள் அவரைக் கடலோரத்தில் ஏதோ ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்து நாங்கள் வெளியே வந்தோம். பெரியப்பா அந்தக் காக்கிக் கயிற்றை மாற்றவே இல்லை. அவர் சாகும்போது அது வெளுத்து நிறமில்லாமல் இருந்தது. வலப்பக்கத்து முடிச்சுக்குப் பக்கத்தில் மகன் அறுத்தான்.

ஏட்டய்யாவை அதன் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன், தஞ்சாவூர் பஸ் நிலையத்தில். ரிட்டயராகியிருந்தார், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு திருக்கடையூருக்கு யாருடைய அறுபதாம் கல்யாணத்துக்கோ போய்க்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "நூல் மிச்சம் பண்ணிக் குடுத்த தம்பிதானே?" என்றார். டீ குடித்தோம். வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு ஒங்களுக்குப் பயமா இல்லையா ஐயா?" அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "உள்ள போறவரைக்கும் இருந்துச்சு. கட்டறதுக்காக அவரு மார்ல காத வச்சேன் பாரு, நெஞ்சு அப்பிடி அடிச்சிக்கிட்டு இருந்துச்சு அவருக்கு. அட, இவரு என்னவிட இல்ல பயந்து கெடக்காருன்னு தோணுச்சு. அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். பஸ் வந்தது, பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். அவர் காலமான செய்தி எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் நல்லவேளையாக நான் சொன்னதைக் கேட்டாள். கத்திரிக்கோல் தரையில் விழுந்தது. என் கட்டிலில் இருந்தபடியே காலை நீட்டி அதை அடியில் தள்ளிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் அவள் கையை விடவில்லை. அவர் யாரென்று முதல் நாளே பேச்சில் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரை ஊர், அந்தக் காலத்து நிலக்காரர் வீடு. இரண்டு நாளாகப் பழைய அறுவடைக் கூலியைப் பற்றி அவரும் நானும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் அப்பாவின் களத்தில் என் அப்பா கைகட்டி நின்றிருப்பார். இன்று என் மகனும் அவர் மகனும் ஒரே வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார்கள்.

"அம்மாடி, கட்டுப்போடற வெள்ளத் துணியில ஒரு நாடா கிழிச்சுக் குடு" என்றேன் நர்ஸிடம். "ஆபரேஷனுக்கு அது இருந்தா ஒண்ணும் ஆவாதுல்ல?" அவள் தலையாட்டினாள், வேண்டுமென்றால் டாக்டர் மேலே நகர்த்திக்கொள்வார் என்றாள். கொடுத்தாள். எழுந்து அவர் கட்டிலருகே போனேன். இன்றைக்கும் எனக்குக் கயிற்றில் நம்பிக்கை கிடையாது, இடுப்பும் சும்மாதான் இருக்கிறது. "புதுசு கட்டிட்டுதான் பழசு. அறுக்க வேணாம், நானே அவுக்கறேன்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். நர்ஸின் கையை விட்டார்.

குனிந்து இரண்டு கையாலும் அவரைச் சுற்றி வளைத்தேன். காது அவர் மார்பில் பட்டது. ஏட்டய்யா சொன்னது அப்படியே கேட்டது, படபடவென்று, நிற்காமல்.

"முடிச்சு எந்தப் பக்கம் போடட்டும்?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம்" என்றார்.